காய்ச்சல்காரன் கவாத்து

அந்தச் சிப்பாய் நிக்கிற லட்சணத்தைப் பாத்தீங்களா, வாத்தியாரே? அதோ, தூணோரமா. துப்பாக்கியைத் தோள்ல சாய்ச்சிருக்கான் பாருங்க, புல்லுக்கட்டு சுமக்கிறவன் மாதிரி. நல்ல வேளை, ரயில் வண்டி நகந்துடுச்சு. அவன் தப்பிச்சான். இல்லேன்னா இறங்கிப் போய் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

நீங்க வாலாஜா பள்ளிக்கூடத்து வாத்தியார்னு டிக்கெட்டு வாங்குறப்பவே காதுல விழுந்துச்சு. நானும் வாத்தியார்தான். சிரிக்காதீங்க. நீங்க எழுத்து வாத்தியார், நான் கவாத்து வாத்தியார். பேரு எல்லப்பன். பட்டாளத்துல நாயக்கா இருந்தவன். நாயக்குன்னா ஜாதி இல்லே, சிப்பாய்க்கு ஒரு படி மேலே. அதுக்கு மேலே ஏறலே. ஏன் ஏறலேங்கிறதுதான் கதையே. பட்டணம் போய்ச் சேர இன்னும் நேரமிருக்கு, சொல்றேன் கேளுங்க.

ஒரு மனுஷன் நல்ல காரியம் பண்ணி, அதை இன்னொருத்தன் பொய் சொல்லி இல்லாமப் பண்ணிட்டா, அது நியாயமா? நீங்களே சொல்லுங்க. வேண்டாம், முழுசும் கேட்டுட்டுச் சொல்லுங்க.

பர்மா ராஜாவோட நடந்த மொத சண்டை. முப்பத்தஞ்சு வருஷம் ஆகுது, நீங்க பொறந்திருக்க மாட்டீங்க. எங்க பட்டாளத்தைக் கப்பல்ல ஏத்தி ரங்கூன்ல இறக்கினாங்க. ஊர்ல ஈ காக்கா இல்லே. ஜனமெல்லாம் காட்டுக்குள்ள போயிடுச்சு. அப்புறம் மழை. மழைன்னா நம்ம ஊர் மழை இல்லே. நாலு மாசம் வானம் வெளுக்கவே இல்லே. தினம் ரெண்டு மூணு பேரைப் புதைச்சோம். குண்டுபட்டு இல்லே, பேதியில.

ஒருநாள் விறகு வெட்ட ஏழு பேர் போனோம். மூங்கில் புதருக்குள்ளேருந்து பர்மாக்காரன் பாஞ்சான். மிஞ்சினது ரெண்டே பேர். நானும் தாவூதும்.

தாவூது வேலூர்க்காரன். என்னைவிட ரெண்டு வயசு பெரியவன். நல்லவன்தான், நான் இல்லேங்கலே. கையைப் பின்னால கட்டி, ஆத்தோரமா வடக்கே பத்துப் பன்னெண்டு நாள் நடத்திக்கிட்டுப் போனானுங்க. வழியில எனக்கு மூணு நாள் காய்ச்சல். விழுந்தா குத்திடுவானுங்க. தாவூது தோளாலேயே என்னை முட்டுக் குடுத்துத் தள்ளிக்கிட்டு வந்தான். மூணு நாள் காய்ச்சல், வாத்தியாரே. மூணே நாள். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால இது எட்டு மாசம் ஆகப் போகுது.

போய்ச் சேந்த ஊருக்கு ஒரு மரக்கோட்டை. தேக்கு மரத்தை முழுசு முழுசா நட்டுக் கட்டினது. எங்க ரெண்டு பேருக்கும் காலுக்கு மூணு ஜோடி விலங்கு. அந்த ஊர் அதிகாரிக்கு அவங்க பாஷையில மியோவுன்னு பேரு. குள்ளமா, வெத்திலை போட்ட வாயோட, எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பான். சிரிச்சுக்கிட்டேதான் எதிர்க் குடிசைக்காரன் தலையை வெட்டச் சொன்னான். அவன்கிட்ட துபாஷி வேலை பாத்தது ஒரு சூலியாக்காரன், நம்ம நாகூர்ப் பக்கத்து ஆளு, வியாபாரத்துக்குப் போய் அங்கேயே தங்கிட்டவன்.

துபாஷி சொன்னான்: “உங்க பட்டாளம் வரிசையா நின்னு சுடுது. இவங்க ஆளுங்க கும்பலா ஓடி வந்து சாகறாங்க. வரிசையா நிக்கச் சொல்லிக் குடுத்தா விலங்கைக் கழட்டுவாரு. சோறு, மீனு, குடிசை எல்லாம் உண்டு.”

தாவூது, “கம்பெனி உப்பைத் தின்னுட்டு உனக்குச் சொல்லிக் குடுக்கவா?”ன்னு கேட்டான். துபாஷி அதைப் பர்மா பாஷையில எப்படிச் சொன்னானோ தெரியாது. மியோவுன் சிரிச்சான். தாவூதுக்கு இன்னும் ரெண்டு ஜோடி விலங்கு ஏறிடுச்சு.

நான் யோசிச்சேன். யோசிக்கிறவன் நான். ஒத்துக்கிட்டு, எல்லாத்தையும் தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்தா என்ன? சண்டை வர்றப்ப இவனுங்க ஒருத்தன் மேலே ஒருத்தன் விழுந்து சாகட்டும். இதுதான் என் திட்டம். சத்தியமா இதுதான். உப்புக்குத் துரோகம் நான் நெனச்சதே இல்லே.

நாப்பது பேரைக் கொண்டாந்து நிறுத்தினானுங்க. எல்லாரும் நெல்லு வயல்லேருந்து புடிச்சுக்கிட்டு வந்தவனுங்க. கையில துப்பாக்கிக்குப் பதிலா மூங்கில் கழி. மொத மூணு நாள் தப்பாத்தான் சொல்லிக் குடுத்தேன். வலதுன்னா இடது, முன்னேன்னா பின்னே. ஆனா வாத்தியாரே, தப்பாச் சொல்லிக் குடுத்ததையும் தப்பாச் செய்யறானுங்க! நான் தப்பாச் சொன்னா, அது தப்பித் தவறிச் சரியாப் போயிடுது. அப்புறம் மறுபடி தப்பு. நீங்க பள்ளிக்கூடத்துல பாத்திருப்பீங்க. ஒரு தப்பைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியாத பிள்ளைங்க முன்னால எத்தினி நாள் நிக்க முடியும்? நாலாம் நாள் எனக்குத் தாங்கலே. மொதல்ல சரியானதைச் சொல்லிக் குடுத்துடுவோம், அப்பத்தான் தப்பை நிதானமாச் சொல்லிக் குடுக்க முடியும்னு முடிவு பண்ணினேன்.

எங்க சுபேதார் ரங்கப்ப நாயுடு எனக்குச் சொல்லிக் குடுத்த அதே மொறை. நான் பட்டாளத்துல சேந்தப்ப இடது வலது தெரியாத பய. அவர் என் இடது கால்ல பனையோலையைக் கட்டினாரு, வலது கால்ல சீலைத்துணியைக் கட்டினாரு. “ஓலைக்கால், சீலைக்கால்! ஓலைக்கால், சீலைக்கால்!”னு பிரம்பாலேயே தட்டித் தட்டி நடக்க வெச்சாரு. அந்த மனுஷன் ஒருதரம்கூட என்னை நல்லா இருக்குன்னு சொன்னதில்லே. கடைசி வரைக்கும் சொல்லலே.

அங்கே பனையோலையும் கிடைச்சுது, துணியும் கிடைச்சுது. அந்த நாப்பது பேரும் தமிழ்லயே கத்துக்கிட்டானுங்க. “ஓலைக்கா! சீலைக்கா!” பர்மாக்காட்டுல அந்தச் சத்தம் கேட்டிருக்கணுமே நீங்க. அதுல மாங் போன்னு ஒருத்தன், நெல்லு விதைக்கிறவன். நல்ல குரல். நான் ஒருதரம் சொன்னா அதே ராகத்துல திருப்பிச் சொல்லுவான். அவனைத்தான் ஹுக்கும், அதாவது உத்தரவு, சொல்லப் பழக்கினேன்.

சாயங்காலம் என் சோத்துல பாதியை எடுத்துக்கிட்டு தாவூதுகிட்ட போவேன். என்னிக்கும் மறந்ததில்லே. அவன் சாப்பிடறப்ப அன்னிக்கு நடந்த கவாத்தை ஒண்ணு விடாமச் சொல்லுவேன். எவன் திருந்தினான், எவன் குதிகாலைத் தூக்கறான், எல்லாம். அவன் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்குவான். அஞ்சு ஜோடி விலங்கோட இருக்கிறவனுக்கு, வெளியில வேலை செய்யறவனைப் பாத்தா கொஞ்சம் பொறாமை இருக்கத்தானே செய்யும்? நான் தப்பா எடுத்துக்கலே. ஒருநாள் மட்டும் வாயைத் திறந்தான்.

“எல்லப்பா, தப்பாச் சொல்லிக் குடுக்கிறேன்னியே?”

“அடுத்த மாசம் ஆரம்பிக்கிறேன்”னேன்.

மியோவுன் ஒருநாள் பாக்க வந்தான். நாப்பது பேரும் நாலு வரிசை, மூங்கில் கழியோட. திரும்புன்னா ஒரே கால் சத்தம். அந்த ஆளு வெத்திலையைத் துப்பிட்டுக் கை தட்டினான். எனக்கு ஒரு பட்டுத் தலைப்பாகை, ரோசாப்பூ நிறம், தன் கையாலேயே கட்டிவிட்டான். துபாஷியை விட்டுக் கேட்டான்: “உனக்கு என்ன வேணும்? ஒண்ணு கேளு. ஒண்ணே ஒண்ணு.”

தாவூது கால் அப்பவே விலங்கு அறுத்துச் சீழ் வெச்சிருந்துச்சு. அது என் மனசுல வராம இல்லே. வந்துச்சு. நாக்கு நுனிக்கே வந்துச்சு. ஆனா நீங்களே சொல்லுங்க வாத்தியாரே, சிலேட்டே இல்லாம பாடம் நடத்த முடியுமா? அஞ்சு மாசமா மூங்கில் கழி! கழியை வெச்சு நிக்கலாம், நடக்கலாம். மருந்து கெட்டிக்கிறது எப்படி? குறி பாக்கிறது எப்படி? பாதிப் படிப்போட பிள்ளைங்களை விட்டுட்டு வர்றது வாத்தியாருக்கு அழகா?

துப்பாக்கி கேட்டேன். நாப்பது.

தாவூதைக் கேட்டிருந்தா அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். அவனும் சிப்பாய்தானே? கேக்கலே. கேட்டா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதா?

அதெல்லாம் நம்ம பட்டாளத்துலேருந்து புடுங்கின துப்பாக்கிதான், பூட்டி வெச்சிருந்தானுங்க. எண்ணெய் போட்டுத் துடைக்கவே ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் மூணு மாசம். நாப்பது துப்பாக்கி, ஒரே வெடி. அதுக்கு நான் பட்ட பாடு! ஒரு நொடி முந்தினாலும் “தடதட”ன்னு கேக்கும், கூரையில கல்லு விழுந்த மாதிரி. சரியா வந்தா ஒரே ஒரு சத்தம். பூமி இருமின மாதிரி.

அப்பத்தான் நம்ம பட்டாளம் ஆத்தோட மேலே வந்துச்சு. காலையில பனி கலைஞ்சப்ப மரச்சந்து வழியாப் பாக்கிறேன், எங்க பட்டாளத்துக் கொடி! என் ஆளுங்க! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. விடுதலைன்னு தாவூதுகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். அவன், “உன் பிள்ளைங்க எங்கே நிக்கறாங்க?”ன்னு கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி புரியலே. கோட்டை வாசல்லதான் நிக்கறாங்கன்னேன். அவன் ரெண்டு கையாலேயும் முகத்தை மூடிக்கிட்டான். நான் வாசலுக்குத் திரும்பி ஓடினேன்.

நான் சுடச் சொல்லலே, வாத்தியாரே. இதை நல்லாக் கேட்டுக்குங்க. என் நாக்குலேருந்து ஒரு வார்த்தை வரலே. ஹுக்கும் சொன்னதெல்லாம் மாங் போதான். “ஓலைக்கா, சீலைக்கா”ன்னு வரிசையைக் கொண்டாந்து நிறுத்தினான். நம்ம ஆளுங்க சரிவுல ஏறி வந்துக்கிட்டு இருந்தாங்க. தமிழைக் கேட்டதும் ஒரு கணம் அப்படியே நின்னுட்டாங்க. நம்ம ஆளுங்கதான் உள்ளே இருக்காங்கன்னு நெனச்சிருப்பாங்க போல. என் பிள்ளைங்கள்ல மூணாவது வரிசையில மட்டும் ரெண்டு பேர் கொஞ்சம் தளந்தானுங்க. என் கை தானா மேலே போச்சு. பழக்கம். நான் ஒசத்தலே, அதுவா ஒசந்துச்சு. கை இறங்கினப்ப வெடிச்சுது.

ஒரே வெடி. ஒரே ஒரு சத்தம். எட்டு மாசத்துல அவ்வளவு சுத்தமா அன்னிக்குத்தான் வந்துச்சு.

முன்னால வந்தவர் விழுந்தாரு. வெள்ளை மீசை. ரங்கப்ப நாயுடு. விழறப்பக்கூட மனுஷன் வரிசையைத்தான் பாத்துக்கிட்டு விழுந்தாரு. ஒருவேளை அவருக்குத் தெரிஞ்சிருக்கும், இது நம்ம பய சொல்லிக் குடுத்ததுன்னு. தெரிஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. பட்டிருக்க மாட்டாரா? சொல்லுங்க. அவரோட மொறையாச்சே அது. அவர் முகம் எனக்கு... சரி, அதை விடுங்க. அரக்கோணம் வந்துடுச்சா? இல்லையா? சரி.

மூணு வெடி. அதோட நம்ம ஆளுங்க பின்வாங்கினாங்க. மத்தியானம் பீரங்கியைக் கொண்டாந்து சுவத்தை ஒடைச்சாங்க. பீரங்கிக்கு முன்னால கவாத்து என்ன பண்ணும்? ஆனா என் பிள்ளைங்க ஓடலே. எல்லாப் பர்மாக்காரனும் ஓடினான், அந்த நாப்பது பேர்ல ஒருத்தன்கூட ஓடலே. நின்ன எடத்துலயே செத்தானுங்க. மாங் போ கடைசியாச் சொன்னது “சீலைக்கா”. நான் ஓடாம நிக்கச் சொல்லிக் குடுத்திருந்தேன். எப்ப ஓடணும்னு சொல்லிக் குடுக்கலே. அந்தப் பாடம் எனக்கே யாரும் நடத்தலே.

நான் நடுவுல நின்னுக்கிட்டு இருந்தேன், ரோசாப்பூ தலைப்பாகையோட. சந்து வழியா நம்ம சிப்பாய்ங்க உள்ளே பாயறாங்க. அப்ப யாரோ என் காலைப் புடிச்சு இழுத்தான். பாத்தா தாவூது! சீழ் புடிச்ச காலோட, அஞ்சு ஜோடி விலங்கையும் இழுத்துக்கிட்டுத் தவழ்ந்தே வந்திருக்கான். என்னைக் குடிசைக்குள்ள இழுத்துத் தள்ளினான். தலைப்பாகையைப் பிடுங்கி அடுப்புல போட்டான். பட்டு, வாத்தியாரே! என்னைப் பாயில உருட்டிப் போர்வையைப் போத்தி, மேலே ஏறி உக்காந்துட்டான். “முனகு”ங்கிறான். நான் ஏண்டா முனகணும்னு கேட்டா, என் விலாவுல முழங்கையால இடிச்சான் பாருங்க, தானா முனகல் வந்துடுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு விசாரணை. ஒரு கர்னல், ரெண்டு கப்தான், ஒரு துபாஷி. பர்மாக்காரன் தமிழ்ல ஹுக்கும் சொன்னதைப் பட்டாளமே கேட்டிருக்கு. சொல்லிக் குடுத்தவன் யாரு? அவனைச் சுட்டுத் தள்ளணும்னு கப்தான் மேசையைத் தட்டினான்.

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவ்வளவு சுத்தமான கவாத்தைச் சொல்லிக் குடுத்தவன் யாருன்னு தெரிஞ்சா அந்தக் கோவமெல்லாம் ஆறிடும்னு நெனச்சேன். வெள்ளைக்காரனுக்குக் கவாத்து தெரியும். வேலை தெரிஞ்சவன் வேலை தெரிஞ்சவனை மதிப்பான். ஆனா தாவூது முந்திக்கிட்டான்.

“ஹுஜூர், இவனுக்கு எட்டு மாசமாக் காய்ச்சல். எழுந்து நடக்கலே. ஜன்னி கண்டு ராப்பகலா ‘ஓலைக்கால் சீலைக்கால்’னு கத்துவான். அதைக் கேட்டுக் கேட்டுப் பக்கத்துல இருந்தவனுங்க கிளிப்பிள்ளை மாதிரிக் கத்துக்கிட்டானுங்க. வேணும்னா என்னைத் தண்டிங்க. இவன் வாயைப் பொத்தாதது என் தப்பு.”

கர்னல் சிரிச்சுட்டாரு. கப்தானும் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலே. எட்டு மாச உழைப்பு. நாப்பது பேர். ஒரே வெடி. எல்லாம் ஜன்னி! காய்ச்சல்காரன் உளறினதாம், கிளிப்பிள்ளை கத்துக்கிச்சாம்! “இல்லே துரை”ன்னு ஆரம்பிச்சேன். தாவூது, “பாருங்க, மறுபடி ஆரம்பிச்சுட்டான்”னான். டாக்டரைக் கூப்பிட்டு எனக்குக் கசாயம் குடுக்கச் சொல்லி எழுதிட்டாங்க. அந்தக் காகிதம்தான் இன்னிக்கு வரைக்கும் என் பேர்ல இருக்கு. “காய்ச்சலில் கிடந்தவன்.” அதுக்கப்புறம் எவன் எனக்குப் பதவி ஒசத்துவான்?

தாவூது காலை முட்டிக்குக் கீழே வெட்டிட்டாங்க. வேலூர் திரும்பிக் குதிரைச் சேணம் தைச்சுப் பொழைச்சான். நான் வெள்ளிக்கிழமை தவறாம அவன் கடைக்குப் போவேன். வாய்விட்டுச் சண்டை போட்டதில்லே. கேக்கத்தான் போவேன். “ஒரே ஒரு தரம் நெசத்தைச் சொல்லிடு தாவூது.” முப்பது வருஷமாக் கேட்டேன். ஊசியை நிறுத்தாமத் தைச்சுக்கிட்டே இருப்பான். ஒருதரம் சொன்னான்: “உனக்காகச் சொன்ன பொய்க்கு அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கறேன். நான் இருக்கிற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே. இந்தக் காலுக்காகவாவது.” பாத்தீங்களா? பொய்னு அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்! அந்தக் காலைப் பாத்துட்டு, சரின்னு நானும் வார்த்தை குடுத்துட்டேன்.

போன மாசம் செத்துட்டான். மையத்தை அடக்கத்துக்குத் தூக்கினதுல நானும் ஒருத்தன். அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு எறங்கலே. என் சம்சாரம் கேட்டா, “அழறீங்களா?”ன்னு. அழலே. முப்பது வருஷம் வெள்ளிக்கிழமை போய்ப் பழகினவனுக்கு வெள்ளிக்கிழமை வந்தா கால் எங்கே போறதுன்னு தெரியாதில்லே? அதுதான்.

நாப்பதாம் நாள் பாத்தியா ஓதினது நேத்து. நான் குடுத்த வார்த்தையும் அதோட முடிஞ்சுது. வேலூர்ல ஒரு மனு எழுதறவன்கிட்ட சொல்லி எழுதி வாங்கிட்டேன். அவன் எழுதறப்ப ரெண்டு தரம் மையைக் கொட்டிட்டான், குடிகாரன் போல. பட்டணத்துக் கோட்டையில பெரிய துரைகிட்ட நேரா குடுக்கப் போறேன். வடக்கே சிப்பாய்ங்க கலகம் பண்ணி இப்பத்தான் அடங்கியிருக்கு. பட்டாளத்துக்கு நல்ல வாத்தியார் தேவைப்படற நேரம். என்னை விடுவாங்களா?

இந்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்க ஒருதரம் பாத்துச் சொல்லுங்க. “எதிரியின் ஆட்கள் நாற்பது பேருக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்துக் கவாத்துப் பழக்கியவன் நானே”ன்னு மொத வரியிலயே இருக்கணும். இருக்கா? “நானே”ல ஏகாரம் அழுத்தமா இருக்கா? ஏன் மொகம் இப்படிப் போவுது உங்களுக்கு? பிழை ஏதாவது இருக்கா?

நகலா? நகலெல்லாம் இல்லே, இது ஒண்ணுதான். ஏன் கேக்கறீங்க? கெட்டியாப் புடிச்சுக்குங்க வாத்தியாரே, ஜன்னலோரம் காத்து அடிக்குது... கையை உள்ளே... ஐயோ!

போச்சு.

அந்த வரப்பு மேலே போகுது பாருங்க. கொக்கு மாதிரி.

சரி, விடுங்க. நீங்க ஏன் கையெடுத்துக் கும்பிடறீங்க? உங்க தப்பு என்ன இருக்கு, காத்து தப்பு. எனக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். ராயபுரத்துல இறங்கினதும் ஒரு மரத்தடியில உக்காருவோம். நான் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிடுங்க. அந்தக் குடிகாரனைவிட உங்க கையெழுத்து நல்லாத்தான் இருக்கும். நான் சொன்னதைச் சொன்னபடி எழுதுவீங்க, எனக்குத் தெரியும்.

பொய் எழுதற மொகம் இல்லே உங்களுது.